என் மகள் படித்த நாசமாய்ப் போன நாடுகள்

என் மகளுக்குப் பதினேழு வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. காதல் கீதல் என்றிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். நாலு அதட்டு அதட்டியிருப்பேன், அதற்கும் மசியாவிட்டால் பையன் வீட்டில் போய்ப் பேசியிருப்பேன். இது வேறு மாதிரி. நாசமாய்ப் போன நாடுகளைப் பற்றிய நாவல்களாகத் தேடித் தேடிப் படித்தாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. காப்பி ஆறிப்போகும், தோசை காய்ந்துபோகும், இவள் ஏதோ ஒரு நாடு அழிவதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

முதல் புத்தகத்தைக் கொடுத்தது அவள் படித்த பள்ளியின் நூலக டீச்சர். நல்ல டீச்சர்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் கையிலிருந்து இப்படி ஒரு புத்தகம் வருமென்று யார் நினைத்தார்கள். பள்ளியில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் பஸ் ஏறி விருதுநகர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தாள். மிளகாய் மண்டிகளைத் தாண்டித் தும்மிக்கொண்டே போய், சனிக்கிழமைதோறும் இரண்டு அழிந்த நாடுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள்.

நானும் ஒன்றிரண்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. ஊரைச் சுற்றி ஒரு சுவர் இருக்கும். சிரித்தபடி டி.வி.யில் வருகிற ஒரு தலைவர் இருப்பார். எல்லோருக்கும் சாம்பல் கலரில் சட்டை. பதினாறு வயதில் ஒரு பெண் பிள்ளை இருப்பாள், அந்த நாட்டிலேயே அவள் ஒருத்திக்குத்தான் மூளை. பெற்றோர், வாத்தியார், போலீஸ் என்று வயதில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒன்று மடையர்கள், இல்லையென்றால் கைக்கூலிகள். இதில் எனக்கு வந்த சந்தேகமெல்லாம் வேறு. அந்தப் பிள்ளை தினமும் காலையில் குழாயைத் திறந்து குளிக்கிறாள். எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. தினமும் குழாயில் தண்ணீர் வருகிற நாட்டை நாசமாய்ப் போன நாடு என்று எவன் எழுதினான் என்று கேட்டேன். மகள் பக்கத்தைத் திருப்பினாள்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். எந்த அறையில் யார் உட்கார வேண்டும், எவ்வளவு வெடிமருந்து கலக்க வேண்டும், வெயில் ஏறினால் எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில்.

என் மனைவியும் அதே கம்பெனிதான். வெடிக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. எங்கள் தொழிலில் அந்த அறைதான் அறை. மற்ற இடத்தில் கை தவறினால் திட்டு விழும், அங்கே கை தவறினால் மறுநாள் பேப்பரில் வரும். அதனால் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாதென்று விதி. சீசன் இல்லாத மாதங்களில் விதியை நாங்கள் மிகவும் மதித்து நடப்போம். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் நாலு ஆறாகும், ஆறு ஏழாகும்.

கூடுதலாக உட்கார யாருக்கும் பிரியம் கிடையாது. நெருக்கியடித்து உட்கார்ந்தால் முழங்கையும் முழங்கையும் இடிக்கும், மருந்துத் தட்டை நகர்த்த இடமிருக்காது. பெண்கள் முனகுவார்கள். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் என் மனைவி. நாலு பேர் கணக்கில் அவளைச் சேர்க்காமல் ஐந்தாவது ஆளாக உட்கார வைத்தேன். போர்மேன் பெண்டாட்டியே உட்கார்ந்திருக்கிறாள், உனக்கு என்னம்மா என்று கேட்டால் ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் பேசாமல் போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் சாமர்த்தியத்தை மேனேஜர் நாலு பேர் முன்னால் மெச்சியிருக்கிறார்.

இது மகளுக்குத் தெரியும். ஆடி மாதம் ஆர்டர் குவியத் தொடங்கியதுமே என்னிடம் வந்து நின்றாள். படிப்பில் கெட்டி, எதையும் கெஞ்சிக் கேட்கிற வழக்கம் இல்லாதவள். அன்றைக்குக் கெஞ்சினாள்.

"அம்மாவ மட்டுமாச்சும் பேக்கிங்குக்கு மாத்தி விடுங்கப்பா. உங்களால முடியும்ல."

முடியும்தான். பேக்கிங் பகுதி தள்ளியிருக்கிறது. பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுகிற வேலை, மருந்து வாடையே வராது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொந்தப் பெண்டாட்டியைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் வைத்தால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள்? ஆறாவது ஆளை எதைச் சொல்லி உட்கார வைப்பேன்? தீபாவளி முடியட்டும் பாப்பா, பார்க்கலாம் என்றேன். போன தீபாவளிக்கும் அதையேதான் சொன்னேன் என்று ஞாபகப்படுத்திவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் இருண்ட கதைகளையே விரும்பிப் படிக்கிறார்களே, ஏன் என்று விளக்க மதுரையிலிருந்து ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். கோட்டுப் போட்டிருந்தார், திரையில் படம் போட்டுக் காட்டினார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதுகாப்பான சூழலில் வளர்கிறார்கள், ஆபத்து என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது, வாழ்க்கையில் இல்லாத பயத்தைக் கதையில் தேடுகிறார்கள், அதனால்தான் இந்த வகை நாவல்கள் பக்கம் சாய்கிறார்கள் என்றார். மணிமணியாகத்தான் பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களைச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் பட்டாசு, மீதிப் பேர் தீப்பெட்டி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு பக்கத்துப் புருவம் இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு அம்மாவுக்கு நகக்கண்ணில் அலுமினியப் பொடி அப்பிக்கொண்டு பத்து விரலும் பளபளவென்று இருந்தன. அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளில் பலர், சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டபிறகுதான் பாடப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள். ஆபத்து என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளாம். அட போங்கய்யா. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோட்டுப் போட்டவர் சொல்கிறார், மறுத்துப் பேசினால் மரியாதையாக இருக்குமா? பேச்சு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன், முன் வரிசையில் இருந்ததால்.

வீட்டுக்கு வந்து அந்த விளக்கத்தை என் சொந்த விளக்கம் மாதிரி மகளிடம் அவிழ்த்துவிட்டேன். உனக்குச் சொகுசு கூடிப்போச்சு, அதனால்தான் கஷ்டப்படுகிறவர்களின் கதை இனிக்கிறது என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவர் எந்த ஊர் என்று. மதுரை என்றேன். சரிதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். இந்தப் புத்தகங்களில் அப்படி என்ன எழவு இருக்கிறது என்று ஒன்றையாவது முழுசாகப் படித்து, தப்பான பக்கங்களை மடித்துவைத்து, நேராக டீச்சரிடம் போய் நியாயம் கேட்பது என்று முடிவு செய்தேன். அவள் அப்போது படித்து முடித்திருந்த தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள். மறுநாள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், மேஜைமேல் இருக்கிற பதிவேட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

கதை இதுதான். வழக்கம்போல ஒரு நகரம், அதைச் சுற்றிச் சுவர். வெளியே காற்றில் விஷம் என்று ஜனங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். காற்று அதிகாரி என்று ஒருவர். தினமும் விடிந்ததும் சுவரில் ஏறுவார், மூச்சை இழுத்துப் பார்ப்பார், இறங்கிவந்து இன்றைக்கும் விஷம்தான் என்று அறிவிப்பார். காற்றில் ஒரு விஷமும் இல்லை என்று அவருக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். ஆனால் மனுஷன் தங்கமானவர். யாரிடமும் கடிந்து பேச மாட்டார். வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போவார். கதாநாயகி ஒருத்தி வழக்கம்போல மூளையோடு அலைந்துகொண்டிருந்தாள், அவளை நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது. இவர் மாட்டிக்கொள்வாரா, தப்பிப்பாரா என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டு நாளில் நூறு பக்கம் தாண்டிவிட்டேன்.

அந்த அதிகாரி பாவம் என்று சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அவருக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா, மேலிடத்தில் சொல்வதை அவர் சொல்கிறார், அவர் சொல்லாவிட்டால் இன்னொருத்தன் வந்து சொல்லிவிட்டுப் போகிறான் என்று அவர் பக்கம் வாதாடினேன். அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"நானும் அவரு கெட்டவருன்னு சொல்லலப்பா. எல்லாம் தெரிஞ்ச நல்லவரு. எல்லாக் கதையிலயும் அப்படி ஒருத்தரு வருவாரு. தெரிஞ்சுக்கிட்டே எப்படி நிம்மதியா சோறு திங்காருன்னு பாக்கத்தான் நான் படிக்கேன்."

இதை அந்தக் கோட்டு ஆசாமி கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். என் புத்தி அத்தோடு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். காற்று அதிகாரி சுவர் மேல் நிற்கிறார், கீழே அந்தப் பெண் வந்து நிற்கிறாள், நானும் மேலே ஏறி மூச்சை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். மேனேஜரின் போன் இரண்டு முறை அடித்து நின்றதுகூடக் காதில் விழவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். அரை மணி நேரமாக என்னய்யா பண்ணுறே, இன்ஸ்பெக்‌ஷன் வண்டி கிளம்பிவிட்டது, இந்நேரம் பாதி வழி வந்திருக்கும் என்று கத்தினார்.

எங்கள் பக்கத்தில் சோதனைக்கு வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் எப்படியோ சேதி வந்துவிடும். நாவல்களில் அரசாங்கம் எல்லோரையும் எல்லா நேரமும் கேமரா வைத்துக் கண்காணிக்கிறது. எங்களை அப்படிக் கஷ்டப்படுத்துகிறவர்கள் யாரும் கிடையாது. சேதி வந்ததும் கூடுதல் ஆட்களை எழுப்பி, பின்பக்க வேலிக்கு அப்பால் இருக்கிற சீமைக்கருவேலங் காட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். வந்தவர்கள் போகும்வரை அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அறைக்கு நாலு பேர் மட்டும் லட்சணமாக வேலை பார்ப்பார்கள். வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு, தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறதைப் பார்த்தால் ஏதோ வனபோஜனம் போகிறவர்கள் என்று நினைக்கத் தோன்றும்.

அன்றைக்கு அவகாசமே இல்லை. அறை அறையாக ஓடி, கூடுதல் ஆளெல்லாம் பின்பக்கமாக ஓடுங்கள் என்று விரட்டினேன். என் மனைவிதான் முதலில் எழுந்து ஓடினாள். கடைசி ஆள் வேலியைத் தாண்டுவதற்கும் வண்டி கேட்டுக்குள் நுழைவதற்கும் சரியாக இருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்க் கும்பிட்டேன்.

வந்த இரண்டு பேரில் பெரியவர் முதல் அறை வாசலில் நின்றார். உள்ளே நாலு பெண்கள், குனிந்த தலை நிமிராமல். அவர் உள்ளே பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். மருந்து அறைக்குள் செருப்புப் போட்டு யாரும் போகக் கூடாது, உராயும். அதனால் எல்லோரும் முன்வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போவார்கள். ஆட்களை அனுப்புகிறபோது செருப்புகளையும் ஒரு சாக்கில் அள்ளி அவர்களோடு கொடுத்தனுப்புவது என் வேலை. புத்தகம் படித்த அவசரத்தில் அதைக் கோட்டைவிட்டிருந்தேன். உள்ளே நாலு பேர், வாசலில் ஏழு ஜோடி.

"என்னய்யா, ஆளுக்கு ரெண்டு ஜோடியா?"

"ஆமா சார். வீட்டுக்குப் போக ஒண்ணு, கம்பெனிக்குள்ள நடக்க ஒண்ணு."

எங்கிருந்து வந்ததோ தெரியாது, யோசிக்காமல் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கருவேலங் காட்டையும் ஒரு தடவை பார்த்தார். நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட்டு நிழலுக்கு நடந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். சாத்தூர் சேவு பொட்டலத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வண்டியில் வைத்துக்கொண்டார். எல்லாம் முறைப்படி இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார், மூளைக்காரன்யா நீ என்று.

சாயங்காலம் வீட்டில் இதை நடித்தே காட்டினேன். பெரியவர் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்று, செருப்பை எண்ணி, என் பதிலையும் நானே சொன்னேன். என் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ கணக்கைப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"செருப்பெல்லாம் முன்வாசல்லயே கெடந்துச்சுன்னா, அம்மா காட்டுக்குள்ள எப்படிப் போனாக?"

நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"வெறுங்காலோடதான். ஓடுங்கன்னீக, ஓடுனோம்" என்றாள் அவள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

வேலையிலிருந்து வந்ததிலிருந்து அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் கீழே உட்கார்ந்து அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. கருவேல முள் சாதாரண முள் இல்லை, குத்தினால் உள்ளேயே ஒடிந்துகொள்ளும், கடுத்துக்கொண்டே இருக்கும். ஊக்கைத் தீயில் காட்டி ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததை ஒரு காகிதத்தில் வைத்தாள். நான் பக்கத்தில் போய் விளக்கைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வெளிச்சம் இருக்கிறது என்றாள். அவ்வளவு பேரையும் வெறுங்காலோடு முள்ளுக்குள் விரட்டிவிட்டு, அதை வீட்டில் வந்து நாடகம் போட்டுக் காட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்லப்போனால், வெட்கத்தைவிட மகள் என்னைத் திட்டமாட்டேன் என்கிறாளே என்பதுதான் பொறுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை மறுநாளே மகள் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காற்று அதிகாரி கடைசியில் என்ன ஆனார் என்று எனக்கு இன்றைக்குவரை தெரியாது. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். திங்கட்கிழமை காலை வேனிலிருந்து இறங்கியதும், மேனேஜரைக் கேட்காமலே, என் மனைவியைப் பேக்கிங்குக்குப் போகச் சொன்னேன். யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று துணிந்துவிட்டேன். பெரிய வீரன் மாதிரி இருந்தது. அன்றைக்கு வரும் வழியில் சிவகாசியில் இறங்கி மகளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கினேன். வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன், அம்மாவை மாற்றிவிட்டேன் பாப்பா என்று.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. நிஜமாகவாப்பா என்று இரண்டு முறை கேட்டாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் வீடு வீடாக இருந்தது. பால்கோவாவைப் பிரித்து மூன்று பங்கு வைத்தாள். வைத்துக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டது.

"அம்மா இடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா?"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்றேன். எந்த ஊர் என்று கேட்டாள். வெம்பக்கோட்டைப் பக்கம், அப்பா இல்லை, போன வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள் என்றேன். வயது என்ன என்று கேட்டாள். பதினெட்டு முடிந்துவிட்டது, ஆதாரைப் பார்த்துத்தான் எடுத்தோம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். விதி என்றால் விதி.

"என்னைய விட ஒரு வயசுதான் கூட" என்றாள் மகள்.

என் மனைவி காலை மெதுவாக ஊன்றி எழுந்து, தன் பங்கை எடுத்து மூடிவைத்தாள்.

"நாளைக்கு நான் என் ரூமுக்கே போயிருதேன். அந்தப் புள்ளய பேக்கிங்ல போடுங்க."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. போகாதீங்கம்மா என்று அவள் சொல்லப்போகிறாள், சொன்னால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். ரூமில் நாலு பேரைத் தவிர யாரும் உட்கார வேண்டாம், நாளையிலிருந்து என்னால் இது ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவர் பால்கோவாவைத் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் மனைவி தன் அறை வாசலில் வந்து நின்றாள். புதுப்பெண்ணைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, ஐந்தாவது ஆளாக உள்ளே போக ஒதுங்கி வழிவிட்டது நான்தான்.